எதிர்காற்றில் எட்டு மீட்டர்

கூடைக்கும் எனக்கும் இடையில் எட்டு மீட்டர் இருந்தது. கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரத்துப் பூங்கா ஒன்றில் ஒரு வசந்தகாலப் பிற்பகல். புல்லைப் படுக்கவைத்துக்கொண்டு வந்த காற்று நேராக முகத்தில் அடித்தது. கையில் இருந்தது நன்றாக மிதக்கும் ஒரு பட்டர் வட்டு. காற்றில்லாத நாளில் அந்தத் தூரத்திலிருந்து அதைத் தவறவிடுவது அரிது. எறிந்தேன். பாதி வழி வரை நினைத்த கோட்டில்தான் போனது. அதற்குப் பிறகு யாரோ அடியில் கைகொடுத்து ஏந்தியதுபோல் எழும்பி, கூடையின் உச்சிப் பட்டைக்கு ஒரு முழம் மேலே கடந்து, அந்தப் பக்கம் ஆறு மீட்டர் தள்ளி விழுந்தது.

போய் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றேன். இப்போது அதே காற்று முதுகில். வட்டு அதே வட்டு, தூரமோ முன்னதைவிடக் குறைவு. கையை விட்டுக் கிளம்பிய வட்டு கூடையை எட்டுவதற்குள் கல்லைப்போலத் தாழ்ந்து, தட்டுக்குக் கீழே கம்பத்தின் அடியில் மோதி நின்றது. ஒரு நிமிட இடைவெளியில் ஒரே வட்டு முதலில் பறவையாகவும் பிறகு கல்லாகவும் நடந்துகொண்டது.

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே வரும் மறுமொழி ஒன்றுதான்: “காற்றுக்கு ஓவர்ஸ்டேபிள் பட்டர் வாங்கு.” கடைக்காரர் சொல்வதும் மூத்த ஆட்டக்காரர் சொல்வதும் இதுவே. நானும் வாங்கினேன், ஒன்றுக்கு நான்காக. சில இடங்களில் அவை என்னைக் காப்பாற்றின. சில இடங்களில் பழைய வட்டைவிட மோசமாகக் கைவிட்டன. எங்கே காப்பாற்றின, எங்கே கைவிட்டன, ஏன் என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. காற்றை எதிர்த்துத் திரும்பாமல் இருப்பது ஒரு குணம். காற்றால் தூக்கப்படாமல் இருப்பது வேறொரு குணம். ‘ஓவர்ஸ்டேபிள்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு நாம் குழப்பிக்கொள்கிறோம். கூடைக்கு அருகில் நிற்பவருக்கு வேண்டியது இரண்டாவது குணம். தொலைவில் நிற்பவருக்கு முதலாவது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கோல்ஃபில் பந்தைக் குழியில் விழவைப்பதுபோல, இதில் பிளாஸ்டிக் வட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். எத்தனை எறிதலில் முடிக்கிறோம் என்பதே கணக்கு. வெகுதூரம் போக மெல்லிய கூர்விளிம்புள்ள டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்கு அருகிலிருந்து போட, அதாவது பட் செய்ய, தடித்த விளிம்புள்ள பட்டர் என்று வட்டுகள் மூன்று வகை. கூடையைச் சுற்றிய முதல் 10 மீட்டர் வட்டத்துக்குள் நின்று போடும்போது, எறிந்த பின் சமநிலை பெறும்வரை காலை முன்னே வைக்கக்கூடாது. ஓடிவந்து வேகம் கூட்டிக் காற்றை ஜெயிக்கும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது. நின்ற இடத்தில் நின்று, கையின் உந்தல் ஒன்றையே நம்பி எறிய வேண்டும். அதனால்தான் காற்று நாளில் அந்தப் பத்து மீட்டர் அவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது.

வட்டின் வரலாறே காற்றோடு நடந்த வழக்கின் வரலாறுதான். ஃபிரெட் மாரிசன் உருவாக்கிய புளூட்டோ பிளாட்டரை வாமோ நிறுவனம் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதுவே ஃபிரிஸ்பீ ஆனது. கடற்கரையில் பிடித்து விளையாட அருமையானது, ஆனால் காற்று கொஞ்சம் வலுத்தால் தடுமாறும். அதே நிறுவனத்தில் இருந்த எட் ஹெட்ரிக், மேற்பரப்பில் வளையம் வளையமாக வரம்புகளை அமைத்து, அவற்றின் மேல் காற்று ஓடும் விதத்தை மாற்றி, பறத்தலை நிதானப்படுத்தினார். 1967-ல் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. டிஸ்க் கோல்ஃபுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் முறையான மைதானம், சங்கிலிக் கூடை, 1976-ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ. எல்லாம் அவர் கைவண்ணம். 1983-ல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ் விளிம்பை ஆப்புபோலச் சரித்துச் செதுக்கிய வட்டைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் வட்டு காற்றைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டுக் கிழித்துக்கொண்டு போகத் தொடங்கியது. இன்றைக்கு நாம் பையில் சுமக்கும் ஒவ்வொரு வட்டும் அந்தச் சரிவின் வாரிசு.

இனி, காற்று வட்டை என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். பம்பரம் விட்டவர்களுக்கு இது புரிவது எளிது. சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தின் தலையை ஒரு பக்கம் லேசாகத் தட்டினால், அது தட்டிய திசையில் சாயாது. அதற்குக் குறுக்கான திசையில் நகரும். வட்டும் பம்பரம்தான். வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது புறங்கை முன்னே போகும்படி எறிந்தால், மேலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகார முள்ளின் திசையில் சுற்றும். அப்படிச் சுற்றுகிற வட்டின் முன்விளிம்பைக் காற்று கீழே அமுக்கப் பார்த்தால் வட்டு வலப்பக்கம் சாய்கிறது. முன்விளிம்பைத் தூக்கப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. சுழற்சி எவ்வளவு அதிகமோ, சாய்தல் அவ்வளவு மெதுவாக நடக்கும்.

வேகமாகப் போகும்போது காற்று வட்டை ஏறக்குறைய நேர்முகமாகச் சந்திக்கிறது. அப்போது தூக்குவிசை செயல்படும் இடம் வட்டின் நடுவுக்குப் பின்னால் அமைகிறது, முன்விளிம்பு அமுங்குகிறது, வட்டு வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. வேகம் குறைந்து வட்டு இறங்கத் தொடங்கும்போது காற்று அடியிலிருந்து வருகிறது. தூக்குவிசையின் இடம் முன்னே நகர்கிறது, முன்விளிம்பு எழும்புகிறது, வட்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. இந்த இட நகர்வை 2002-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பாட்ஸ், கிரௌதர் இருவரும் காற்றுச் சுரங்கத்தில் ஃபிரிஸ்பீயை வைத்து அளந்து எழுதினார்கள். ஆட்டக்காரர்களின் பேச்சில் முதல் திருப்பம் ‘டர்ன்’, கடைசிச் சாய்வு ‘ஃபேட்’. முதல் திருப்பத்துக்கு இணங்காமல் கடைசிச் சாய்வுக்கு அவசரப்படும் வட்டு ஓவர்ஸ்டேபிள். அதற்கு எதிரானது அண்டர்ஸ்டேபிள்.

வட்டுக்குத் தரையைப் பற்றி எதுவும் தெரியாது. தன்னைக் கடந்து போகும் காற்றின் வேகம்தான் அதற்குத் தெரியும். அதனால் எதிர்காற்றில் எந்த வட்டும் தன்னை இன்னும் வேகமாக எறிந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. நேராகப் போகும் வட்டு வலப்பக்கம் புரளப் பார்க்கும். பின்காற்றில் மெதுவாக எறிந்துவிட்டதுபோல் சீக்கிரமே இடப்பக்கம் சரியும். எதிர்காற்றுக்கு ஓவர்ஸ்டேபிள் என்ற அறிவுரை பிறந்தது இங்கேதான். அது சரியான அறிவுரைதான், அதற்குரிய தூரத்தில்.

ஆனால் என் எட்டு மீட்டர் எறிதலில் வட்டு வலப்பக்கம் புரளவில்லை, எழும்பியது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் தெரியும். வட்டு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்டுக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் வேகம் அதில் பாதி, 18. எதிர்காற்றில் வட்டு உணரும் வேகம் 54; பின்காற்றில் 18. தூக்குவிசையோ வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. ஆகவே காற்றில்லாத நாளில் 1 என்று இருக்கும் தூக்கு, எதிர்காற்றில் 2.25 ஆகிறது, பின்காற்றில் 0.25-க்கு இறங்குகிறது. ஒரே கூடையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே தூக்குவிசையில் ஒன்பது மடங்கு வித்தியாசம். அந்தப் பிற்பகலில் எனக்கு நடந்தது இதுதான்.

நேரத்தையும் பாருங்கள். எட்டு மீட்டரை அந்த வேகத்தில் கடக்க 0.8 விநாடி ஆகும். புவியீர்ப்பு மட்டும் வேலை செய்தால் அவ்வளவு நேரத்தில் எந்தப் பொருளும் சுமார் 3 மீட்டர் இறங்கிவிடும். அந்த மூன்று மீட்டரை ஈடுகட்டுவது இரண்டு: நாம் சற்று மேல்நோக்கி எறிவதும், வட்டின் தூக்குவிசையும். தூக்குவிசை மாறினால் வட்டு வந்து சேரும் உயரம் உடனே மாறும். பக்கம் சாய்வதற்கோ பம்பரக் கணக்குப்படி நேரம் வேண்டும். முக்கால் விநாடிச் சொச்சத்தில் ஒரு வட்டு பெரிதாகப் புரண்டுவிட முடியாது. ஆகக் கூடைக்கு அருகில் காற்று செய்யும் கெடுதி முக்கியமாக மேலும் கீழும்தான். இடமும் வலமும் அதற்கு அடுத்தபடி. ஃபேட் எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஒரு வட்டை வாங்கி அதைக்கொண்டு பட் செய்கிறவர், கேட்காத கேள்விக்கு விடை வாங்கிவருகிறார்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? இன்னோவா புழக்கத்துக்குக் கொண்டுவந்து பலரும் பின்பற்றுகிற முறையில் ஒவ்வொரு வட்டுக்கும் நான்கு எண்கள் உண்டு: ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். இரண்டாவதான கிளைட் என்பது மிதப்பு, வட்டு எவ்வளவு நேரம் காற்றில் நிற்க விரும்புகிறது என்பதன் அளவு. ஒன்றிலிருந்து ஏழு வரை போகும். பட்டர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் டர்னையும் ஃபேடையும் உற்றுப் பார்த்துவிட்டு இந்த எண்ணைத் தாண்டிப் போகிறார்கள். காற்றில் பட் செய்வதற்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பதர் பறக்கிறது, மணி காலடியில் விழுகிறது.

இன்னோவாவின் ரைனோவுக்கு எண்கள் 2, 1, 0, 3. அதே நிறுவனத்தின் பிக் 3, 1, 0, 3. ஸ்வீடனின் காஸ்டாபிளாஸ்ட் செய்யும் பெர்க் 1, 1, 0, 2. ஸ்வீடிஷ் மொழியில் பெர்க் என்றால் மலை, பாறை. மூன்றுக்கும் கிளைட் ஒன்றுதான். ரைனோவையும் பிக்கையும் கையில் எடுத்தால் மேற்பரப்பின் ஓரத்தில் கட்டைவிரல் பதியும் இடத்தில் ஒரு வளைய வரம்பு தட்டுப்படும், தம்டிராக் என்பார்கள். ஈரக்கையிலும் பிடி நழுவாது. பெர்க்கின் மேற்பரப்பு வேறு விதம். விளிம்பை ஒட்டி உள்வாங்கியதுபோல் ஒரு பள்ளம் ஓடும். விட்ட வேகம் தீர்ந்ததும் மறுபேச்சின்றிக் கீழே இறங்கிவிடும் வட்டு அது. மிதக்கும் வட்டுக்குப் பழகிய கைக்கு இம்மூன்றும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எல்லா எறிதலும் கூடைக்கு முன்னால் விழும். எதிர்காற்றில் எறிந்து பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும். தூக்கு இரண்டே கால் மடங்கானாலும், முதலே சிறியதாக இருந்தால் பெருகியதும் சிறியதுதான்.

இன்னொரு குடும்பம் இருக்கிறது. டிஸ்க்ராஃப்டின் ஸோன் 4, 3, 0, 3. வெஸ்ட்சைடின் ஹார்ப் அதே எண்கள். எம்.வி.பி.யின் என்ட்ரபியும் இவற்றின் உறவுதான். டைனமிக் டிஸ்க்ஸின் ஸ்லாமர் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கிறது. பெயருக்குப் பட்டர்கள் என்றாலும் இவற்றின் உண்மையான தொழில் அப்ரோச், அதாவது நாற்பது, ஐம்பது, எழுபது மீட்டரிலிருந்து கூடைக்கு அருகில் கொண்டுவந்து போடுவது. கடையில் “காற்றுக்குப் பட்டர்” என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது இந்தக் குடும்பத்தைத்தான். ஃபேட் எண்ணை மட்டும் பார்த்தால் ஸோனும் பிக்கும் ஒன்று. கிளைட்டைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு தொழிலுக்குப் பிறந்தவை.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவற்றை எழுதுவது அந்தந்த நிறுவனமே. பி.டி.ஜி.ஏ. ஒரு வட்டின் விட்டம், எடை, விளிம்பின் ஆழம், வளையும் தன்மை ஆகியவற்றை அளந்து அனுமதி தருகிறது. பறக்கும் எண்களுக்கு அது சான்று தருவதில்லை. ஒரு நிறுவனத்தின் 3 இன்னொன்றின் 2 ஆக இருக்கலாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு வட்டுகள்கூட ஆறிய விதத்தில் வேறுபடும். கடையில் நின்று பார்க்கிறவர் வட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் விளிம்புக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். அந்தக் கோடு மேலே இருந்தால் வட்டு கூடுதல் ஓவர்ஸ்டேபிள். கீழே இருந்தால் குறைவு. ஒரே பெயர், ஒரே பிளாஸ்டிக் கொண்ட வட்டுகளை அடுக்கி வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். விளிம்பின் அடியில் மணிபோலப் புடைத்த வரம்பு உள்ள அச்சுகளும் பொதுவாகக் காற்றில் கொஞ்சம் உறுதியாக நிற்கும்.

அப்ரோச்சில் ஓவர்ஸ்டேபிள் வட்டு செய்யும் வேலையைச் சொல்லாமல் விட்டால் அதற்கு நியாயம் செய்ததாகாது. அறுபது மீட்டர் எறிதல் மூன்று விநாடிக்கு மேல் காற்றில் இருக்கும். அவ்வளவு நேரத்தில் பக்கவாட்டுச் சாய்வு முழுதாக வளர்ந்துவிடும். எதிர்காற்றில் மிதப்பான, நேரான வட்டை எறிந்தால் முதலில் வலப்பக்கம் புரளும். புரண்டதும் காற்று அதன் அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது எங்கே போய் விழும் என்பது எறிந்தவர் கையில் இல்லை. ஸோனோ ஹார்ப்போ அந்த நேரத்தில் காட்டும் பிடிவாதம் அழகானது. வலுவாக எறிந்தாலும் வலப்பக்கம் பார்க்காமல், கூடையை நெருங்கியதும் இடப்பக்கம் இறங்கி உட்காரும். 2016, 2017 ஆண்டுகளின் உலக வெற்றியாளரான ரிக்கி வைசாக்கியின் கையில் ஹார்ப் இதைச் செய்வதைக் காணொளிகளில் பார்த்துத்தான் பலர் அந்த வட்டை வாங்கினார்கள். 2016-ல் அவர் வென்ற உலகப் போட்டி நடந்தது இதே எம்போரியாவில். 2022-ல் பால் மெக்பெத் கூடுதல் சுற்றில் ஏரன் காஸேஜை வென்று ஆறாவது முறை உலகப் பட்டம் பெற்றதும் இங்கேதான். மரமில்லாத ஃபிளின்ட் குன்றுகளின் புல்வெளி ஓரத்தில், ஏறக்குறைய 24,000 பேர் வாழும் ஊர் இது. 2005-ல் தொடங்கிய டைனமிக் டிஸ்க்ஸின் ஊரும் இதுவே. கான்சஸ் என்ற பெயருக்கு மூலமான பழங்குடியின் பெயருக்குத் ‘தென்காற்றின் மக்கள்’ என்று பொருள் சொல்வார்கள். நம்மிடம் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்றுப்பெயர் இருப்பதுபோல, அங்கே ஆடுகிறவர்கள் காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போதே திசை பார்த்துவிடுகிறார்கள்.

பக்கக்காற்றுக்கு வருவோம், இங்கேதான் ஓவர்ஸ்டேபிள் பட்டர் மிகவும் மோசமாகக் கைவிடும். வலக்கை பேக்ஹேண்டில் எறிந்த வட்டு கடைசியில் இடவிளிம்பைத் தாழ்த்திச் சாய்கிறது. அப்போது அதன் முதுகு இடப்பக்கம் பார்க்கிறது. வயிறு வலப்பக்கம் பார்க்கிறது. காற்று இடமிருந்து வந்தால் முதுகில் அடிக்கும். வட்டின் சாய்வு இடத்துக்கு இழுக்க, காற்று வலத்துக்குத் தள்ள, இரண்டும் ஈடாகி வட்டு கோட்டில் நிற்கும். ஆனால் முதுகில் அடித்த காற்று கீழேயும் அமுக்குவதால் கூடைக்கு முன்னால் விழும். கொஞ்சம் உயரமாக எறிய வேண்டும். காற்று வலமிருந்து வந்தால் கதையே வேறு. அது வயிற்றில் புகுந்து வட்டைத் தூக்கும். தூக்கியதை இடப்பக்கம் கொண்டுபோகும். வட்டும் அந்தப் பக்கமே போக விரும்புகிறது. ஃபேட் 3 உள்ள வட்டை வலப்பக்கக் காற்றில் பேக்ஹேண்டாக எறிவது, ஓடுகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளுவது போன்றது.

இதற்கு மாற்று, வட்டை மாற்றுவதைவிடக் கையை மாற்றுவது. ஃபோர்ஹேண்டாக, உள்ளங்கை முன்னே போகும்படி எறிந்தால் சுழற்சி எதிர்ப்பக்கம்; ஃபேடும் வலப்பக்கம். ஆகவே காற்று வலமிருந்து வந்தால் ஃபோர்ஹேண்ட், இடமிருந்து வந்தால் பேக்ஹேண்ட். எப்போதும் வட்டின் முதுகைக் காற்றுக்குக் காட்டி, காற்றை நோக்கிச் சாயவிடுவதே வழி. ஸோனைப் பலர் விரும்புவதற்கு ஒரு காரணம் அதன் ஆழம் குறைந்த, தட்டையான உடல். ஃபோர்ஹேண்டில் விரல்களுக்கு இதமாகப் பொருந்தும். ஆழமான விளிம்புள்ள பட்டர்கள் ஃபோர்ஹேண்டில் பலருக்கு நழுவும். காற்றுக்காக ஓர் அப்ரோச் வட்டு தேர்ந்தெடுக்கிறவர், அது தன் இரண்டு பிடிக்கும் ஒத்துவருகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எடையைப் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. விதிப்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சவரம்பு. 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பட்டர் 176 கிராமைத் தாண்ட முடியாது. காற்றுக்குக் கனமான வட்டு நல்லது என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு நல்லது? 165 கிராமுக்கும் 175 கிராமுக்கும் வித்தியாசம் ஆறு சதவீதம். காற்று தூக்குவிசையை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும்போது இந்த ஆறு சதவீதத்தை நம்பி நிற்க முடியாது. கனமானதையே வாங்குங்கள், அதோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள்.

பிளாஸ்டிக்கின் தேர்வு இதைவிட முக்கியம். மலிவான, கொஞ்சம் சொரசொரப்பான பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிக்கும். சங்கிலியிலும் பிடித்து நிற்கும். ஆனால் மரத்திலும் கல்லிலும் பட்டுப் பட்டு விளிம்பு தேயும். தேயத் தேய ஓவர்ஸ்டேபிள் குணம் கரைந்து நேராகப் பறக்கத் தொடங்கும். விலை கூடிய, வழவழப்பான பிளாஸ்டிக் வருடக்கணக்கில் குணம் மாறாது. ஆனால் ஈரத்திலும் குளிரிலும் வழுக்கும், கூடையில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். அப்ரோச் வட்டு தரையோடும் மரத்தோடும் மோதிப் பிழைக்க வேண்டியது, அதற்கு உறுதியான பிளாஸ்டிக். பட் செய்யும் வட்டு சங்கிலியோடு மட்டும் உறவாடுவது, அதற்குப் பிடிப்புள்ள பிளாஸ்டிக். ஒரே வட்டை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டால் சில மாதங்களில் அது இரண்டுக்கும் உதவாமல் போகும். மூன்று வட்டுகளை நான் இப்படி வீணாக்கியிருக்கிறேன்.

காற்று நாளுக்கென்று தனிப் பட்டர் வேண்டுமா, எல்லா நாளும் ஒரே பட்டரா? ஆட்டக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது. பையில் எத்தனை வட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கோல்ஃபில் உள்ள பதினான்கு மட்டை வரம்பு இங்கே இல்லை. அதனால் ‘இன்னொன்றும் இருக்கட்டுமே’ என்ற எண்ணம் எளிதில் வரும். பட் செய்வது ஆயிரக்கணக்கான முறை செய்து கை தானாகச் செய்யும் செயல். விளிம்பின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் மாறினாலும் விரல் திறக்கும் கணம் மாறுகிறது. காற்று பலமான நாளில், ஏற்கெனவே மனம் கலங்கியிருக்கும்போது, வாரம் ஒருமுறைகூடத் தொடாத வட்டை எடுத்து எறிகிறவருக்குக் காற்றோடு அறிமுகமின்மையும் சேர்கிறது. அதனால், ஆட வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களுக்கு என் பரிந்துரை: பட் செய்ய ஒரே வகை வட்டு, அது கிளைட் மிக அதிகம் இல்லாததாக, இரண்டு அல்லது மூன்றுக்குள் இருக்கட்டும். அதோடு ஸோன், ஹார்ப் வகையில் ஒன்று அப்ரோச்சுக்கு. ரைனோவோ பிக்கோ பெர்க்கோ வேண்டுமென்றால், வாங்கிப் பையில் போட்டுவிடாமல் வாரம் இரண்டு நாளாவது அதை எறிந்து பழகிய பிறகே போட்டியில் எடுக்க வேண்டும். ஆண்டில் பாதி நாள் காற்றடிக்கும் ஊரில் வாழ்கிறவர் மட்டும் தாழ்ந்த கிளைட் வட்டையே தன் முதன்மைப் பட்டராக ஆக்கிக்கொள்ளலாம். மிதப்புக் குறைவை அமைதியான நாளில் கொஞ்சம் கூடுதல் உந்தலால் ஈடுகட்டிவிட முடியும்; மிதப்பு அதிகமான வட்டைக் காற்று நாளில் அடக்குவது அதைவிடக் கடினம்.

வட்டு எதுவானாலும் எறியும் விதம் அதனுடன் சேர வேண்டும். சுழற்சி குறைவாக, மேலே வளைத்து மெதுவாகத் தள்ளிவிடும் பாணி காற்றுக்கு முழுதாக இடம் கொடுக்கிறது. தரைக்கு அருகில் புல்லின் உராய்வால் காற்று மெதுவாகவும், உயர உயர வேகமாகவும் இருக்கும். வளைந்து உயரும் வட்டு வேகமான காற்றுக்குள் தானே ஏறிப் போகிறது. தாழ்வாக, மணிக்கட்டைச் சுண்டி, சுழற்சி கூட்டி எறிந்தால் பம்பரக் கணக்கு நம் பக்கம் வரும். எதிர்காற்றில் முன்விளிம்பைச் சற்றுக் கீழே வைத்து, சங்கிலியின் கீழ்ப்பாதியைக் குறிவைக்க வேண்டும். பின்காற்றில் முன்விளிம்பைச் சற்றுத் தூக்கி, உச்சிப் பட்டைக்கு அடியில். ஓர் எறிதலுக்கு விதி தரும் நேரம் 30 விநாடி. வீச்சு வீச்சாக வரும் காற்றில் ஒரு வீச்சு ஓயும்வரை காத்திருக்க அது பெரும்பாலும் போதும். அவசரப்பட்டு எறிகிறவர்கள் அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீணாக்குகிறார்கள்.

வாங்குவதற்கு முன் சோதிக்க நான் நம்பும் முறை ஒன்று உண்டு. நண்பர்களிடம் இரண்டு மூன்று வகை வட்டுகளை இரவல் வாங்கி, காற்றடிக்கும் நாளில் கூடையின் ஒரு பக்கம் எட்டு எட்டு வைத்து நின்று, ஒவ்வொன்றையும் பத்து முறை எதிர்காற்றில் எறிய வேண்டும். பிறகு அந்தப் பக்கம் போய்ப் பின்காற்றில் பத்து. எத்தனை விழுந்தன என்று எண்ணுவதோடு, தவறியவை கூடையிலிருந்து எவ்வளவு தொலைவில் கிடக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். கூடையைத் தாண்டிப் பன்னிரண்டு மீட்டரில் கிடக்கும் வட்டு அடுத்த எறிதலையும் சந்தேகமாக்கிவிடும்; காலடியில் கிடக்கும் வட்டு ஓர் எறிதலோடு முடிந்துவிடும். சரிவான இடமென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஃபேட் அதிகமான வட்டு விளிம்பு குத்தி இறங்குவதால், சக்கரம்போல எழுந்து நின்று காற்றோடு உருண்டு போவதுண்டு.

எம்போரியாவில் மறுநாளும் அதே காற்று. அதே கூடைக்கு, அதே எட்டு மீட்டருக்குப் போய், இரவல் வாங்கிய பிக் ஒன்றை வைத்து எதிர்காற்றில் எறிந்துகொண்டிருந்தேன். முதல் சில எறிதல்கள் தட்டின் விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தன. ஒரு சாண் உயர்த்திக் குறிவைத்த பிறகு சங்கிலி ஓசை கேட்கத் தொடங்கியது. எல்லாம் விழவில்லை. தவறிய வட்டுகளைப் பொறுக்கப் போனபோது அவை எல்லாம் கூடையைச் சுற்றி, நின்ற இடத்திலிருந்து எட்டிப் போட்டுவிடும் தூரத்தில் புல்லில் கிடந்தன.